ஏரியின் பறவைகளும் குன்றின் பறவைகளும்

சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படியான சுற்றுலா எது என்று யாரைக் கேட்டாலும் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், வேடந்தாங்கல் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடங்கள் பேருந்து வைத்து மாணவர்களை அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் இம்மூன்று ஊர்களுக்குத்தான். சிற்பம் ஓர் ஊரில், கோயில் ஓர் ஊரில், பறவை ஓர் ஊரில் என்று பிரித்து வைத்துக்கொண்டு நாமும் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஆனால் இம்மூன்றில் இரண்டு ஊர்கள் பறவைகளால் பெயர் பெற்றவை. வேடந்தாங்கலில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இன்றும் பல்லாயிரம் பறவைகள் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்திலோ, தலைமுறை தலைமுறையாக மக்கள் கைகூப்பி வணங்கிய இரண்டே இரண்டு பறவைகள் வருவது நின்றுபோய்விட்டது. ஏரியில் இருந்தவை பிழைத்தன. கோயிலில் இருந்தவை மறைந்தன. ஏன்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு என்னுடன் ஒரு நாள் புறப்பட்டு வாருங்கள். மார்கழி அல்லது தை மாதமாக இருக்கட்டும். காலையில் மாமல்லபுரம், உச்சிவேளையில் திருக்கழுக்குன்றம், மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் காண்போம்.

கடலோரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும்போது வலப்புறம் நீண்டு கிடக்கும் கால்வாயைக் கவனியுங்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய இக்கால்வாயின் நகரப் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. சாலை வசதி வருவதற்கு முன், மாமல்லபுரம் பார்க்க விரும்பிய சென்னைவாசி மாலையில் படகேறி, இரவெல்லாம் தூங்கிக்கொண்டே சென்று, விடியலில் இறங்குவார். நாம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறோம். ஆனால் அவர் கண்ட அமைதி நமக்கு வாய்க்காது.

வழியில் வடநெம்மேலியில் 1976-ஆம் ஆண்டு தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அதே ஊரில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த இருளர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அத்தொழில் நின்றபின், பாம்பைப் பிடித்து நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் முறைக்கு மாறினர். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்த நஞ்சு பயன்படுகிறது. பாம்பு உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு என்ற நிலை வந்ததும் பாம்புக்குப் பாதுகாப்பும் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மீண்டும் தேவைப்படும்.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எனவே தேர்களையும் கடற்கரைக் கோயிலையும் பற்றி நான் நீட்டப் போவதில்லை. இவ்வூரை முதலில் எழுத்தில் வருணித்த ஐரோப்பியர்களுள் ஒருவர் ஜான் கோல்டிங்காம். அவர் தொல்பொருள் அறிஞர் அல்லர். சென்னை வானாய்வு நிலையத்தின் வானியலார்! பின்னாளில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவர் இவரே. மாமல்லபுரச் சிற்பங்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1798-இல் வெளிவந்தது. அந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அருச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பெரும்பாறையின் முன் நின்று, இன்று கடவுளரை விட்டுவிட்டு விலங்குகளை மட்டும் பாருங்கள். முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள அப்பாறையில் பெரிய யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் ஒண்டி நிற்கின்றன. ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எலிகள். கீழே ஒரு மான், பின்னங்காலைத் தூக்கித் தன் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. மானை நேரில் பலமுறை பார்த்திராதவன் இதைச் செதுக்கியிருக்க முடியாது. ஆனால் அதே பாறையில் உள்ள சிங்கங்களைப் பாருங்கள். சுருள் பிடரியும் அகன்ற வாயுமாக ஏட்டுச் சிங்கங்களாகவே இருக்கின்றன. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி தன் ஊரில் எதைக் கண்டான், எதைக் கேள்விப்பட்டு மட்டும் செதுக்கினான் என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

உச்சிவேளை

மாமல்லபுரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் திருக்கழுக்குன்றம். பெயரிலேயே கழுகு இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வேதகிரீசுவரர் கோயில். ஏறி இறங்கும் வழிகளுள் ஒன்றில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தைக் காணலாம். அதன் சுவரில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அருகில் கடலோரத்தில் உள்ள சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்கு வாணிகத் தளமும் கோட்டையும் இருந்தன. அங்கிருந்து பொழுதுபோக்காக வந்து மலையேறிப் பெயர் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்! சுற்றுலாப் பயணிகளின் இந்த வழக்கம் நாம் நினைப்பதைவிடப் பழையது.

இக்குன்றில் நாள்தோறும் உச்சிவேளையில், பாறைமீது அமர்ந்து காத்திருக்கும் பூசகரிடம் வெண்ணிறப் பறவைகள் இரண்டு பறந்து வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்லும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரம் செல்பவை என்றும் மக்கள் நம்பினர். நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, மூச்சிரைக்கப் படியேறி நின்று, 'வருமா, வராதா' என்று கூட்டத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்று ஒன்றுதான் வந்தது. அதற்கே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் கழுகு என்கிறோம். ஆனால் வேட்டையாடித் தின்பது கழுகு, பிணந்தின்பது பாறு. திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. உலகின் பிற இடங்களில் எகிப்தியப் பாறு என்று இது அறியப்படுகிறது. இதன் இந்தியக் கிளையினத்துக்கு உயிரியலார் இட்ட பெயர் 'ஜிஞ்சினியானஸ்' என்பதாகும். ஐரோப்பியர் ஜிஞ்சி என்று அழைத்த நம் செஞ்சியின் பெயர்தான் அது!

பிணந்தின்னிப் பறவை பொங்கல் தின்னுமா என்று நீங்கள் கேட்கலாம். மஞ்சள்முகப் பாறு எதையும் தள்ளுவதில்லை. குப்பை, பூச்சி, முட்டை, சாணம் ஆகிய யாவும் அதற்கு உணவே. அதன் முகத்தின் மஞ்சள் நிறமே சாணத்திலிருந்து பெறும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அறிவிலும் குறைந்ததன்று. ஆப்பிரிக்காவில் தீக்கோழியின் கெட்டியான முட்டையைக் கல்லால் எறிந்து உடைப்பதை ஜேன் குடாலும் ஹ்யூகோ வான் லாவிக்கும் 1966-இல் எழுதி உலகை வியக்கவைத்தனர். நெடுநாள் வாழும் பறவை. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் வாழும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாறையில் உணவு கிடைக்கிறது என்றால் அதைக் கற்றுக்கொள்ள இப்பறவைக்கு அதிக நாள் ஆகாது. ஓர் இணை மடிந்தால் அந்த இடத்தை இன்னோர் இணை பிடித்துக்கொள்ளும். கீழே நின்று பார்ப்பவருக்கு, யுகயுகமாக அதே இரண்டு பறவைகள் வருவதாகத்தான் தோன்றும்.

1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை. பாறையும் படிகளும் அப்படியே இருக்கின்றன. உச்சிவேளைப் பூசையும் நடக்கிறது. இவ்வளவு பக்தியோடு காக்கப்பட்ட பறவையை யாரும் சுட்டிருக்கமாட்டார்கள், கூட்டைக் கலைத்திருக்கமாட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று?

அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. பெரிய பாறு இனங்கள் சில, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோயின. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. தொற்றுநோய் என்றே பலர் எண்ணினர். 2004-இல்தான் உண்மை வெளிப்பட்டது: கால்நடைகளுக்கு வலி தீர்க்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அது. மருந்து ஏற்றப்பட்ட மாடு இறந்தால், அதன் இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். சில நாட்களில் பறவை இறக்கும். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறும் விரைந்து குறைந்து வந்ததால், 2007-இல் உலகளவில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

திருக்கழுக்குன்றத்து இணையைக் கொன்றது இந்த மருந்துதான் என்று சான்று காட்ட இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. அவை குன்றில் உண்டது ஒரு பிடிப் பொங்கல். வயிற்றை நிரப்பியது குன்றுக்கு வெளியே, செங்கற்பட்டுச் சமவெளியின் மேய்ச்சல் வெளிகளிலும் ஊர்க் குப்பைமேடுகளிலும். கோயில் காத்தது குன்றை மட்டுமே. மாட்டுக்கு ஏற்றிய ஊசி மருந்துவரை அந்தக் காப்பு எட்டவில்லை.

ஏரிகளின் நாடு

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கற்பட்டுக்கு வந்தால் கொளவாய் ஏரி நம்மை வரவேற்கும். அங்கிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே செல்லும் வழியெங்கும் ஏரிகள். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஆண்டின் மற்ற நாட்களுக்கு அந்நீரைத் தேக்கி வைக்க வேண்டும். எனவே ஒரு பக்கம் கரை எழுப்பி, மதகு வைத்து, ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலி போல் அமைத்தார்கள் நம் முன்னோர். 'தாங்கல்' என்பதும் சிற்றேரிக்கு இப்பகுதியில் வழங்கும் பெயரே. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று நாள்தோறும் சொல்லும் சென்னைவாசிகள் அதை மறந்துவிட்டார்கள். வேடந்தாங்கல் என்றால் வேடரின் ஏரி. பறவைகளின் புகலிடத்துக்கு வேடர் பெயர்!

ஆர்க்காட்டு நவாபு 1763-இல் இந்நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின. கரைகள் உடைந்து கிடந்தன. 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். வரி வசூலில் கடுமையானவர்; மிராசுதார்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனால் ஏரியில் நீர் இல்லாவிட்டால் வரியும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில் வில்லேந்திய இருவர் கரைமீது காவல் நிற்கக் கண்டதாகவும், அதன்பின் அங்குள்ள இராமர் கோயிலில் தாயார் சன்னிதியைக் கட்டுவித்ததாகவும் சொல்லப்படும் கதையின் நாயகர் இவர்தான். ஏரி காத்த இராமர் என்ற பெயரோடு அக்கோயில் இன்றும் விளங்குகிறது. பிளேசின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது.

வேடந்தாங்கல் மக்கள் முறையிட வந்ததும் இந்த பிளேசிடமே. தங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1798-ஆம் ஆண்டு அவர் ஒரு கவுல் வழங்கினார். கவுல் என்பது அரசு எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமை அதன்மூலம் ஊராருக்கு உறுதியாயிற்று. 1858-இல் அவர்கள் மீண்டும் அவ்வுரிமையைக் கலெக்டரிடம் புதுப்பித்துக்கொண்டார்கள். இது எவ்வளவு பழமை என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். இங்கிலாந்தில் கடற்பறவைகளைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1869-இல்தான். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்கா 1872-இல்தான். வானியலார் கோல்டிங்காம் மாமல்லபுரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சேறிய அதே ஆண்டில், சில மணி நேரத் தொலைவில் எழுத்தறியாத உழவர்கள் பறவைகளுக்காக அரசிடம் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரக்கம் மட்டும்தான் காரணமா? இல்லை. அவ்வூரார் கணக்குத் தெரிந்தவர்கள். பறவைகள் கூடு கட்டும் மரங்களுக்கடியில் எச்சம் விழுந்து, ஏரி நீர் உரமாக மாறுகிறது. அந்நீர் பாயும் வயலில் நெல் செழிக்கிறது என்று கண்டுவைத்திருந்தார்கள். வேதியியல் அவர்கள் பக்கம்தான். பறவைகள் நம்மைப்போல் யூரியாவாகக் கழிப்பதில்லை; நைட்ரசன் கழிவை வெள்ளையான யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. நீரில் உள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தின்ற மீன்களின் எலும்பிலிருந்து பாஸ்பரசும் கிடைக்கிறது. இங்கே ஒரு விந்தை பாருங்கள். சிறுநீரகம் கெட்ட பாறின் உடலுக்குள், ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகப் படிந்து அதைக் கொல்வதும் இதே யூரிக் அமிலம்தான். வெளியேறினால் வயலுக்கு உரம். உள்ளே தங்கினால் பறவைக்கு நஞ்சு.

மாலைநேரம்

படாளம் கூட்டுச்சாலையில் திரும்பி, நாலு மணிக்குள் வேடந்தாங்கல் கரையை அடைந்துவிடுங்கள். ஏரி பெரிதன்று, ஏறக்குறைய 30 எக்டேர்தான். நீர்க்கடம்பும் கருவேலமும் கழுத்தளவு நீரில் நிற்கின்றன. நீர்தான் இங்கே கோட்டை அகழி. நரியும் பூனையும் கூட்டை நெருங்க முடியாது. மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டுகளில் மரங்கள் அப்படியே இருந்தும் பறவைகள் தங்குவதில்லை.

இவை சைபீரியாவிலிருந்து குஞ்சு பொரிக்க வருகின்றன என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்பாதீர்கள். வடக்கிலிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலத்தில் வருவது உண்மை. ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. நத்தைக்குத்தியின் அலகைத் தொலைநோக்கியால் பாருங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஓட்டு நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை உருவ அமைந்த அலகு அது.

அந்த நத்தை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் காலைக் கேள்விக்கு விடை இருக்கிறது. இச்சிற்றேரியால் அத்தனை பறவைகளுக்கும் இரை கொடுக்க இயலாது. அவை பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏரிகள், நெல்வயல்கள், ஓடைகள் என்று பறந்துபோய் இரை தேடித் திரும்புகின்றன. கூடு ஓரிடம், இரை ஓரிடம். ஊரார் வாங்கிய கவுல் கூட்டைக் காத்தது. அக்காலத்தில் அது போதும். இரை தேடும் வயல்களுக்கு எந்தக் கேடும் இல்லை. 1936-இல் அரசின் ஏற்பும் 1962-இல் வனச்சட்டப் பாதுகாப்பும் வந்தபோதும் கவனமெல்லாம் ஏரியின்மீதே இருந்தது. 1998-இல் வனவிலங்குச் சரணாலயமாக்கியபோதுதான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நிலமும் சேர்க்கப்பட்டது. 2020-இல் அந்தச் சுற்றளவைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது இயற்கை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்ததன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். ஏரியை அல்ல, பறவையின் சாப்பாட்டுத் தட்டைத்தான் சுருக்கப் பார்த்தார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. எனினும் நத்தை பொறுக்கும் வயலில் என்ன பூச்சிமருந்து அடிக்கப்படுகிறது என்பதை அந்த அறிவிப்புகளுள் எதுவும் கட்டுப்படுத்தவில்லை.

மாலையில் இங்கே வரச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, நாற்றிசைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி முதல் இருட்டும்வரை கரைமீது ஓரிடத்தில் அமர்ந்து, கூடு திரும்பும் பறவைக் கூட்டம் ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று புள்ளி வையுங்கள். தென்கிழக்கில் மதுராந்தகம் ஏரி இருக்கிறது. மற்றத் திசைகளில் என்னென்ன ஏரிகள் உள்ளன என்பதை வீட்டுக்குப் போய் வட்டப் படத்தில் பாருங்கள். நாலைந்து மாணவர்கள் சேர்ந்து, மாதம் ஒரு மாலை என்று டிசம்பர் முதல் மார்ச் வரை இதைச் செய்தால், பறவைகள் எங்கே உண்கின்றன என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு வரைபடம் இருக்கும். ஆறு மணிக்கு மேல் புள்ளி வைக்க நேரம் போதாது. வானம் முழுவதும் சிறகுகள்தான்.